விமானப்படைத் தலைவர் கிளிஃப்ட் பதவி விலகியதை நம் மலரில் போடலாமா, வேண்டாமா?

பெகு வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். கோயில் மலருக்காக நாம் தயார் செய்துவரும் பர்மாத் தமிழர் காலவரிசையில் 1962 முதல் 1966 வரைக்கும் உள்ள பக்கத்தை நான்தான் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் "புரட்சிக் கவுன்சிலிலிருந்து விலகியவர்கள்" என்று ஒரு சின்னப் பகுதி வைத்து, பிரிகேடியர் ஆங் ஜி பெயரையும் விமானப்படைத் தலைவராக இருந்த பிரிகேடியர் டாமி கிளிஃப்ட் பெயரையும் சேர்த்திருந்தேன். குழுவில் இரண்டு பேர் கிளிஃப்ட் பெயரை அடித்துவிட்டார்கள். "அவருக்கும் தமிழருக்கும் என்ன சம்பந்தம்" என்று ஓரத்தில் எழுதியும் இருக்கிறார்கள். சரி, பொதுவில் வைத்துப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அமைத்த கவுன்சிலில் 17 பேர். அத்தனை பேரும் சீருடைக்காரர்கள். தரைப்படை ஆட்கள்தான் கூட்டம் கூட்டமாக. கடற்படைக்கு கமடோர் தான் பே, விமானப்படைக்கு கிளிஃப்ட். நம் தாத்தாக்களின் கடை, நிலம், வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், குடியுரிமை எல்லாவற்றின் தலையெழுத்தும் அந்தப் பதினேழு பேர் கையில்தான் போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றம் இல்லை, மேல்முறையீடு இல்லை. அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சில வருடங்களில் அதைவிட்டு எழுந்து போகிறார், பிறகு நாட்டைவிட்டே போய், அதே நே வினை எதிர்த்து தாய்லாந்தில் அணி திரட்டிய, ஆட்சி பறிக்கப்பட்ட பிரதமர் ஊ நுவோடு சேர்கிறார். இது நம் வரலாற்றில் வராமல் யார் வரலாற்றில் வரும்? அந்தக் கவுன்சிலை ஒரே கல்லில் செதுக்கிய மாதிரி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது உண்மையில்லை. உள்ளுக்குள் பிளவு இருந்தது, அந்தப் பிளவில் யார் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் கடைகள் போயின.

மோல்மீன் தம்பி:
வாத்தியார் ஐயா, பெயரை அடித்த இரண்டு பேரில் நானும் ஒருவன், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். அவர் போனதைச் சொல்கிறீர்கள், இருந்ததைப் பற்றி ஒரு வரி இல்லையே? 1962 ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்குக் கவுன்சிலுக்கு நாலு மாதம் வயது. யாரும் எழுந்து போகவில்லை.

இன்னொன்று. கிளிஃப்ட் ஆங்கிலோ-ஷான், அதாவது ஷான் இனமும் வெள்ளைக்காரரும் கலந்த வழி. ஆட்சியைப் பிடித்த அந்த இரவிலேயே முதலில் உயிர் போனது யாருக்கு? நாட்டின் முதல் ஜனாதிபதி, ஷான் குறுநில மன்னர் சாவ் ஷ்வே தைக்கின் மகனுக்கு, பதினேழு வயதுப் பையன். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அந்த வருடம் நவம்பரில் சிறையிலேயே இறந்துபோனார். தன் ஷான் மக்களுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டே ஒருவர் பதவியில் இருக்கிறார் என்றால், அவர் நமக்காக மனம் கசந்து விலகினார் என்று கதை கட்ட நான் தயாரில்லை. மலரில் இடம் குறைவு. நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள், கப்பலேறிப் போனவர்கள், போகாமல் இங்கேயே இருந்து வயலில் கூலிக்கு நின்றவர்கள், இவர்கள் பெயரே பாதி விட்டுப்போயிருக்கிறது. ஒரு தளபதிக்கு ஏன் வரி ஒதுக்க வேண்டும்?

மிங்கலடோன் பையன்:
விமானப்படை பற்றி என்பதால் நானும் வருகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் சின்ன வயதிலிருந்தே ஆர்வம். வீடு ரங்கூன் மிங்கலடோன் விமானத்தள ஓடுபாதைக்குப் பக்கம்.

கிளிஃப்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் படை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் முடியும். பர்மா விமானப்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1947 டிசம்பர் 15, சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்னால். தரைப்படையின் தலைமைக்கு வந்தவர்கள் ஜப்பான்காரன் காலத்தில் உருவான தேசபக்தப் படைக்காரர்கள், நே வின் அந்தக் கூட்டம்தான். விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் வேறு பள்ளியில் படித்தவர்கள். வெள்ளைக்காரன் கீழே பயிற்சி பெற்றவர்கள், அதில் கரேன் என்ற சிறுபான்மை இனத்தார், ஆங்கிலோ-பர்மியர் நிறைய. ஆரம்பத்தில் விமானப்படைத் தலைவராக இருந்த சா ஷி ஷோ ஒரு கரேன். 1949 தொடக்கத்தில் கரேன் கிளர்ச்சி வெடித்ததும் அவரையும், ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்த ஸ்மித் டன்னையும் (அவரும் கரேன்தான்) ஓரங்கட்டினார்கள். ஸ்மித் டன் இடத்தில் வந்து உட்கார்ந்தவர் நே வின்!

அப்புறம் நடந்ததுதான் இன்சேன் சண்டை. ரங்கூன் நடுவிலிருந்து ஒன்பது மைல். 112 நாள். கரேன் படை இன்சேனில் உட்கார்ந்திருக்க, மிங்கலடோனிலிருந்து கிளம்பிய ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்களும், பயிற்சிக்கென்று வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டு விமானங்களும் போய்த் தாக்கிவிட்டு வந்தன. எழும்பிய நிமிஷமே சண்டைக்களம். விமானிகளுக்கு மேலிருந்து பார்த்தால் தெரிந்த ஊர், தெரிந்த தெரு, சிலருக்குக் கூடப் படித்தவனின் வீடு. அப்படிப்பட்ட படையில் மேலே வந்தவர் கிளிஃப்ட்.

1950களில் படை பெரிதானது. வாம்பயர் பயிற்சி ஜெட், சீ ஃப்யூரி சண்டை விமானம், இஸ்ரேலிலிருந்து வாங்கிய பழைய ஸ்பிட்ஃபயர்கள். 1961 பிப்ரவரியில் ஷான் பக்கம் ஒளிந்திருந்த, சீனக் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று வந்த கோமின்டாங் படைக்குச் சாமான் போட வந்த தைவானின் நாலு எஞ்சின் விமானத்தைப் பர்மிய விமானிகள் வழிமறித்துச் சுட்டார்கள், அது தாய்லாந்துப் பக்கம் போய் விழுந்தது. நம் பக்கமும் ஒரு சீ ஃப்யூரி போனது. இது அன்றைக்கு உலகம் முழுக்கச் செய்தி.

ஆனால் ஒன்று: அந்தப் படைக்கு அரசியலில் எடை கிடையாது. தரைப்படையின் வட்டாரத் தளபதி ஒருவனுக்கு ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. விமானப்படைத் தலைவருக்குச் சில தளங்களும் சில விமானங்களும்தான். பதவிப் பெயரே பிரிகேடியர் என்று தரைப்படைப் பெயர்தான் பாருங்கள். தம்பி, "ஏன் எழுந்து போகவில்லை" என்று கேட்பது நியாயம். "இருந்து தடுத்திருக்கலாமே" என்று யாராவது கேட்டால் அது நடக்காத காரியம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

திருச்சி பர்மா காலனி:
இங்கிருந்து ஒரு குரல். என் பெற்றோர் 1965இல் கப்பலில் வந்தவர்கள், நான் திருச்சியில் பிறந்தவன், எனக்கும் இதில் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கிளிஃப்டை விடுங்கள், ஆங் ஜியிடமிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் கணக்கு நேராகும். ஆங் ஜி கவுன்சிலில் இரண்டாவது ஆள், வர்த்தகமும் தொழிலும் அவர் கையில். தனியார் தொழில் கொஞ்சமாவது இருக்கட்டும் என்ற பக்கம். எதிர்ப்பக்கத்தில் பிரிகேடியர் தின் பே, எல்லாவற்றையும் உடனே அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பக்கம். 1963 பிப்ரவரி 8 அன்று ஆங் ஜி விலகுகிறார். பிப்ரவரி 15 அன்று உற்பத்தி, விநியோகம், ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் இனி அரசுக்கே என்று நே வின் அறிவிக்கிறார். பிப்ரவரி 23 அன்று வங்கிகள் போயின. தேதிகளை வரிசையாகப் படியுங்கள், நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகள், ஏப்ரல் 9 அன்று மற்ற ஊர்க் கடைகள். மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது.

அதனால்தான் நான் வாத்தியார் பக்கம். ஒரு ராஜினாமா தனி ஆளுடைய மானப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார், அது நம் வீட்டு அடுப்பில் தெரிந்தது.

மோல்மீன் தம்பி:
அண்ணே, நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். அப்படியானால் அவர்கள் விலகியது நமக்குக் கெடுதல்தானே? இருந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும் என்றால், விலகியவர்களை எதற்குப் பாராட்ட வேண்டும்?

திருச்சி பர்மா காலனி:
பாராட்டச் சொல்லவில்லை தம்பி. எழுதச் சொல்கிறேன்.

துவாண்டே சிவகாமி:
நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் கடை போன அன்றைக்கு நான் அங்கே இருந்தவள், எனக்கு அப்போது ஒன்பது வயது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கடை பெரிய கடையெல்லாம் இல்லை. கருவாடு, எண்ணெய், பருப்பு, சோப்பு, ஊரிலிருந்து வரும் மிளகாய் மூட்டை. காலையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் சிப்பாய், ஒருவர் கணக்கு எழுதுகிறவர். அப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கையாலேயே சாமான் பட்டியல் எழுத வைத்தார்கள். பருப்பு எத்தனை படி, எண்ணெய் எத்தனை டின், சோப்பு எத்தனை கட்டி. தராசையும் படிக்கல்லையும்கூடப் பட்டியலில் எழுதச் சொன்னார்கள். கல்லாவில் இருந்த காசை எண்ணிக் கட்டினார்கள். சாயங்காலம் சாவி அவர்கள் கையில். சில நாளில் மக்கள் கடை என்று ஒரு நம்பர் போட்டுப் பலகை மாட்டினார்கள். அப்பாவை அதே கடையில் சில மாதம் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் வந்தவர்களுக்கு எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தன் கடையில் தானே கூலிக்கு நின்றார்.

சித்தப்பா குடும்பம் கப்பலேறியது. துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் சித்தியின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். தாலியில் இருந்த தங்கக் குண்டுகளையும் எடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு விட்டார்கள். நாங்கள் போகவில்லை, பாட்டி வர மறுத்துவிட்டார், அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்கு எங்களுக்கு ஆங் ஜியும் தெரியாது, கிளிஃப்டும் தெரியாது. நே வின் ஒருவர்தான் தெரியும். மேலே உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்காவது இது பிடிக்கவில்லை என்பதே எனக்கு இப்போது இந்த இழையில்தான் தெரிகிறது. அது எனக்கு ஆறுதலா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் ஆறுதல்தான். அப்பா இருந்திருந்தால் அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அதனால் பெயர் இருக்கட்டும். ஆனால் தம்பி சொன்ன ஜூலை மாதமும் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்காதீர்கள்.

மோல்மீன் தம்பி:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எதிர்வாதம் செய்ய மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, வாத்தியாருக்கு. கிளிஃப்ட் எதற்காக விலகினார் என்று எதை வைத்து முடிவு கட்டுகிறீர்கள்?

பெகு வாத்தியார்:
நல்ல கேள்வி. அவர் மனதுக்குள் நான் புகுந்து பார்க்கப் போவதில்லை. பிறகு என்ன செய்தார் என்பதை வைத்துப் பேசுகிறேன்.

கவுன்சிலை விட்டு வந்தவர்களுக்கு அன்றைக்கு மூன்று வழி இருந்தது. முதல் வழி, வாயை மூடிக்கொண்டு ஓய்வூதியத்தோடு இருப்பது, நிறையப் பேர் அதைத்தான் எடுத்தார்கள், அதில் குற்றம் காண எனக்கு வாய் வரவில்லை, குடும்பம் இருக்கிறது. இரண்டாவது வழி, உள்ளேயே இருந்து முட்டுவது. ஆங் ஜி 1965இல் சிறைக்குப் போனார், 1968இல் வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். 1988இல் நே வினுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்கள் ரங்கூன் முழுக்கக் கைமாறிப் படிக்கப்பட்டன. கவுன்சிலில் இருந்த கர்னல் ஜீ மவுங்கும் அதே வழிதான். நீக்கப்பட்டார், சிறை கண்டார், 1990 தேர்தலில் ஆங் சான் சூ சி வீட்டுக்காவலில் இருந்தபோது கட்சியை முன்னால் நின்று நடத்தியவர் அவர்.

மூன்றாவது வழி எல்லை தாண்டுவது. கிளிஃப்ட் எடுத்தது அது. ஊ நு 1966 அக்டோபரில் காவலிலிருந்து விடுபட்டார், 1969 ஏப்ரலில் நாட்டைவிட்டுப் போனார், ஆகஸ்டில் லண்டனில் "நான்தான் இன்னும் சட்டப்படி பிரதமர்" என்று அறிவித்தார், பிறகு பாங்காக் வந்து அணி திரட்டினார். சுதந்திரப் போருக்காக ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவரான போ லெட் யா, பத்திரிகை ஆசிரியர் எட்வர்ட் லா-யோன் இவர்களோடு கிளிஃப்டும் அங்கே சேர்ந்தார். 1970இல் அந்த அணி கரேன், மோன் படைகளோடு கூட்டு வைத்தது. யோசித்துப் பாருங்கள், இன்சேனில் குண்டு போட்ட படையின் முன்னாள் தலைவர், அந்தக் கரேன்காரர்களோடு ஒரே பக்கம் வந்து நிற்கிறார். இருபது வருடத்தில் ஒரு மனிதன் கடந்துவந்த தூரம் அது. பதவிச் சண்டைக்காக மட்டும் விலகியவன் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ரங்கூனில் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்த முயற்சி தோற்றது, அதையும் எழுதத்தான் போகிறேன். சிறுபான்மை மாநிலங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டா என்பதில் ஊ நு ஒத்துக்கொள்ளவில்லை. 1972இல் தலைமையை விட்டார், கடைசியில் 1980இல் பொதுமன்னிப்பில் ரங்கூனுக்கே திரும்பினார். போ லெட் யா காட்டிலேயே 1978இல் செத்தார்.

மிங்கலடோன் பையன்:
கூட்டணி அமைந்ததே அந்தக் கேள்வியில்தான், உடைந்ததும் அதே கேள்வியில். 1947இல் பாங்லோங் என்ற ஷான் ஊரில் மலைநாட்டு இனத் தலைவர்களோடு பேசி, அரசியல் சட்டத்தில் ஷான்காரருக்குப் பத்து வருடத்துக்குப் பிறகு பிரியும் உரிமை என்று எழுதிக்கொடுத்தது, 1962இல் "நாடு துண்டாகிவிடும்" என்று சொல்லி நே வின் ஆட்சியைப் பிடித்தது, 1972இல் ஊ நு விலகியது, எல்லாம் ஒரே முடிச்சு.

ஆனால் நமக்கு அந்த முடிச்சிலும் இடம் இல்லை என்பதைச் சொல்லாமல் விட மாட்டேன். கரேனுக்கு மாநிலம், மோனுக்கு மாநிலம், ஷானுக்கு மாநிலம் என்று பேசிய எந்த மேசையிலும் தமிழனுக்கு நாற்காலி இல்லை. 1982 குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம் தாத்தா எந்த வருடம் வந்தார் என்று காகிதம் காட்டச் சொன்னார்கள். அதே மண்ணில் மூன்று தலைமுறையாக நெல் விளைவித்தவன் காகிதத்துக்கு எங்கே போவான்? எங்கள் வீட்டில் இன்னும் ஒருவருக்குச் சரியான அட்டை இல்லை.

தட்டோன் குமார்:
எல்லாம் சரி, இன்றைக்கு அதே விமானப்படை கிராமத்து மேல் என்ன செய்கிறது என்பதை எழுதாமல் பழைய தளபதியைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி? இன்றைக்கு அந்தப் படையிலிருந்து வெளியே வந்தவர்கள், எல்லை தாண்டி ஒளிந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும்...

நெறியாளர்:
குமார், உங்கள் கோபம் நம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நாட்டுக்குள் இருக்கிறார்கள், வீட்டில் வயதானவர்களும் படைக்கு ஆள் எடுக்கும் வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிந்தைய பெயர், ஊர், படைப்பிரிவு எதையும் இந்த இழையில் போட வேண்டாம். உங்கள் பதிவின் மீதிப் பகுதியை நீக்கியது நான்தான்.

தட்டோன் குமார்:
புரிகிறது. ஆனால் அதனால்தான் கிளிஃப்ட் பெயர் மலரில் இருக்க வேண்டும் என்கிறேன். உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் அந்தச் சீருடையைக் கழற்றினார், முன்பே நடந்திருக்கிறது என்று படிக்கிறவனுக்குத் தெரியட்டும். வேறு விளக்கமே தேவையில்லை.

மோல்மீன் தம்பி:
சரி. என் எதிர்ப்பை விலக்கிக்கொள்ளவில்லை, ஆனால் வடிவத்தை மாற்றினால் ஒத்துக்கொள்கிறேன். "விலகியவர்கள்" என்று தனித் தலைப்பு வேண்டாம், அது ஏதோ தியாகிகள் பட்டியல் மாதிரி இருக்கிறது. தேதி வரிசைக்குள்ளேயே போடுங்கள். கவுன்சிலில் உட்கார்ந்ததும் வரட்டும், மாணவர்களைச் சுட்டதும் வரட்டும், கடை போனதும் வரட்டும், அவர் போனதும் வரட்டும். சிவகாமி அக்கா அப்பாவின் கடைப் பட்டியலுக்குத் தளபதியைவிட ஒரு வரியாவது கூடுதல் இடம் வேண்டும், இது என் கண்டிப்பான கோரிக்கை.

பெகு வாத்தியார்:
தம்பி சொல்வது நியாயம், தனித் தலைப்பை எடுத்துவிடுகிறேன். வரைவு இதோ, எல்லாரும் பாருங்கள்:

"1962 மார்ச் 2: ஜெனரல் நே வின் தலைமையில் 17 பேர் கொண்ட புரட்சிக் கவுன்சில் ஆட்சியைப் பிடித்தது. அதில் விமானப்படைத் தலைவர் பிரிகேடியர் டாமி கிளிஃப்டும் ஒருவர். ஜூலை 7, 8: பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டனர், சங்கக் கட்டடம் தகர்க்கப்பட்டது. 1963 பிப்ரவரி: பிரிகேடியர் ஆங் ஜி விலகினார். இரண்டு வாரத்தில் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச், ஏப்ரல்: கடைகள் அரசுடைமை. கிளிஃப்ட் பின்னர் கவுன்சிலிலிருந்து விலகி, தாய்லாந்தில் ஊ நு அணியில் சேர்ந்தார். 1966: தனியார் நடத்திய தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன."

இதற்குக் கீழே கட்டம் போட்டு சிவகாமி அம்மாவின் கடை. அம்மா, சாமான் பட்டியலை நினைவில் உள்ளவரைக்கும் முழுசாக எழுதி அனுப்புங்கள், சுருக்க மாட்டேன்.

துவாண்டே சிவகாமி:
அனுப்புகிறேன் வாத்தியார். தம்பியிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன், மிளகாய் மூட்டை எத்தனை என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. வரைவில் ஒன்று மட்டும்: "கடைகள் அரசுடைமை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஈடு கொடுக்கவில்லை என்று சேருங்கள். எங்களுக்கு ஒரு பியாகூட வரவில்லை.

பெகு வாத்தியார்:
சேர்த்துவிட்டேன். அச்சுக்கு வெள்ளிக்கிழமை போகிறது, அதற்குள் வேறு யாருக்காவது திருத்தம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.